மூன்றாவது கேள்வி

நடைபாதை, வடிகால் ஆலோசனைக் குழுவுக்கு
ஏழு இடம், நாற்பத்தொரு விண்ணப்பம்.
சம்பளம் கிடையாது. கூட்டத்துக்குக் கூட்டம்
தேநீரும் ஆளுக்கொரு கறிபாப்பும்
என்று படிவத்திலேயே போட்டுவிட்டோம்,
பின்னால் பேச்சு வரக்கூடாதென்று.

மாநகர் மன்றத்தின் பத்தாம் மாடி.
வலப்பக்கம் புவான் நோராசிகின்,
இடப்பக்கம் கொங், நடுவில் நான்.
சன்னலில் பட்டர்வொர்த் போகிற பெர்ரி
நகர்வது தெரியாமல் நகர்கிறது.
கேள்விகள் மூன்று. எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே வரிசை.
அதுதான் நியாயமென்று சுற்றறிக்கை.

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற பொறியாளர்.
மடிக்கணினி விழிக்க ஆறு நிமிடம்.
பினாங்கு அவருக்கு நீலக் கோடுகள்,
கோட்டோரம் அம்புக்குறிகள்.
தண்ணீர் அவர் சொன்ன பக்கமே ஓடியது.
இருபதுக்குப் பதினாறு புள்ளி போட்டேன்.

ருஸ்லி, ஜெலுத்தோங்கில் மோட்டார் பழுதுபார்ப்பவர்.
நகத்திடுக்கில் எண்ணெய்.
உங்கள் பலவீனம் என்ன?
"கோபம்.
தெருவிளக்கு எரியாத ஒன்பது மாதத்தில்
வளர்த்தது."

ஓங் சியூ லான் அம்மாள்
பிளாஸ்டிக் பையொன்றை மேசைமேல் வைத்தார்.
உள்ளே உள்ளங்கை அளவு சிமெண்டுத் துண்டு.
"எங்கள் வீட்டெதிர் சாக்கடை மூடி. உங்களுடையது.
திருப்பிக் கொடுக்க வந்தேன்."
குழுவில் சேர விருப்பம்தானே என்றேன்.
"அதை இன்னும் யோசிக்கவில்லை."
கொங் ரசீது எழுதிக் கொடுத்தார்.

பிறகு பவளக்கொடி.
இரவு ஷிப்ட் முடிந்து பாயான் லெப்பாசிலிருந்து நேரே,
தொழிற்சாலைச் சட்டையோடு,
கழுத்தில் இன்னும் தொங்கும் அட்டையோடு.

ஏன் சேர விரும்புகிறீர்கள்?

"பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் பிளாட்டுக்கு
நானூற்றுப் பன்னிரண்டு எட்டு.
எழுபது எட்டு ரோட்டில் இறங்கி நடக்கிறேன்,
நடைபாதையில் கார் நிற்பதால்.
மழையென்றால் எட்டுக்குக் கணக்கில்லை.
போன தீபாவளிக்கு முன்னால்
மகனின் சப்பாத்து ஒன்று சாக்கடையோடு போனது.
இன்னொன்று வீட்டில் இருக்கிறது."

பென்சில்கள் மூன்றும் படுத்திருந்தன.

பலவீனம்?

"ஆங்கிலத்தில் கடிதம் எழுத வராது.
மலாயில் எழுதுவேன்.
தமிழில் திட்டுவேன்."
புவான் நோராசிகின் வாய்விட்டுச் சிரித்தார்.

எங்களிடம் ஏதாவது கேட்கவேண்டுமா?
இதற்குப் புள்ளி கிடையாது.
மரியாதைக்காகச் சேர்த்த கேள்வி.
இதுவரை எல்லாரும் இல்லையென்று சொல்லி
நன்றியோடு நாற்காலியைத் தள்ளினார்கள்.

"கூட்டம் எத்தனை மணிக்கு?"

மாதம் ஒரு புதன். பிற்பகல் இரண்டரை.

விரல்விட்டு எண்ணினாள்.
பகல் ஷிப்டில் மாட்டினால் அரைநாள் சம்பளம்.
இரவு ஷிப்டென்றால் தூக்கம்.
சுண்டுவிரலில் நிறுத்திக்கொண்டு கேட்டாள்:
"இரண்டரைக்கு நடைபாதையில் யார் நடக்கிறார்கள்?"

கேலியில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கொங் பழைய கோப்பைப் புரட்டினார்.
பதினோரு வருடத்துக்கு முன்னிருந்த தலைவருக்கு
புதன் காலைகளில் டயாலிசிஸ்.
அவர் போய் ஆறு வருடமாகிறது.
அவருடைய நேரம் மட்டும் பதவியில் இருக்கிறது.

அவள் எழுந்தாள்.
"மாற்றினால் சொல்லுங்கள். மாற்றாவிட்டாலும்
அந்த எழுபது எட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

பத்தொன்பது போட்டேன்.
இருபது போட்டால் மேலே விளக்கம் கேட்பார்கள்.
குறிப்புக் கட்டத்தில் 'இரவு எட்டரை?' என்றெழுதினேன்.
எட்டுக்கு மேல் லிஃப்ட் ஓடாது என்றார் கொங்,
என் பக்கம் பார்க்காமல்.
கீழ்மாடியில் ஒரு அறை இருக்கிறது என்றார் நோராசிகின்,
சாவி யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

காற்றாடிக்குப் பறந்த படிவங்கள்மேல்
சாக்கடை மூடித் துண்டை எடுத்து வைத்தேன்.
அடுத்தவர் உள்ளே வந்து
சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

வரிசையை மீறி
மூன்றாவது கேள்வியை முதலில் கேட்டேன்.